இல்லை என்றால் எந்தப் பக்கம்?

"டீச்சர், எங்கேயோ ஒரு கிளை தப்பாப் போயிருக்கு. எங்கேன்னுதான் தெரியல."

வாசலில் செருப்பைக்கூட முழுசாகக் கழற்றாமல் பரஞ்சோதி சொன்னார்.

மங்கையர்க்கரசி டீச்சர் தலை நிமிர்ந்து பார்த்தார்.

தென்காசி பஜாரில், ஒரு மருந்துக்கடைக்கு மேலே மாடியில் அவருடைய வகுப்பு. ஆன்லைனில் கணக்கெடுப்பு நடத்துகிறவர்களுக்குக் கேள்வி எழுதவும், எந்தப் பதிலுக்கு அடுத்து எந்தக் கேள்வி என்று கிளை பிரிக்கவும் சொல்லிக்கொடுப்பார். பரஞ்சோதி அவரைவிடப் பத்து வயதாவது மூத்தவர். இருந்தாலும் அவருக்கு இந்த வேலையில் அரிச்சுவடி சொல்லிக்கொடுத்தவர் டீச்சர்தான்.

"என்ன கணக்கெடுப்பு?"

"டி.பி. நோயாளிகளுக்கு, டீச்சர். எங்க தொண்டு நிறுவனத்துல இருந்து வாராவாரம் போனுக்கு அனுப்புதோம். மாத்திரையை ஒழுங்காச் சாப்பிட்டியளான்னு முதல் கேள்வி. ஆமாம், இல்லை, ரெண்டே பதில்."

"ஆமாம்னா?"

"வாழ்த்துகள்னு ஒரு பூப் படம் வரும். முடிஞ்சுது."

"இல்லைன்னா?"

பரஞ்சோதியின் முகம் மலர்ந்தது. அங்கேதான் அவர் உயிரைக் கொடுத்து உழைத்திருந்தார். பையிலிருந்து ஒரு பெரிய தாளை எடுத்துத் தரையில் விரித்தார்.

ஆலமரத்தைத் தலைகீழாக நட்டதுபோல் இருந்தது படம். ஏன் சாப்பிடவில்லை? குமட்டல் என்றால் ஒரு கிளை. மறதி என்றால் ஒரு கிளை. குடித்திருந்தேன் என்றால் அதற்கொரு கிளை. எவ்வளவு, யாரோடு, எத்தனை தடவை என்று அதிலிருந்து விழுதுகள். வீட்டில் தெரியுமா, தெரியாது என்றால் ஏன் சொல்லவில்லை என்று இன்னொரு கொத்து.

"ஒண்ணும் விட்டுப் போகல டீச்சர். எந்தப் பக்கம் போனாலும் பிடிச்சிடும்."

"பெறகு என்ன குறை?"

"முதல் வாரம் நிறையப் பேர் இல்லைன்னு போட்டாங்க. அடுத்த வாரம் குறைஞ்சுது. இப்ப எல்லாரும் ஆமாங்கிறாங்க. ஒருத்தர் பாக்கி இல்லாம."

"நல்லதுதானே?"



"இசக்கிதுரைன்னு ஒரு லாரி டிரைவர். வாராவாரம் ஆமாம்னு போட்டவரு. திங்கக்கிழமை ரத்தம் ரத்தமாத் துப்பி ஆஸ்பத்திரியில சேத்திருக்காங்க. மாத்திரையை விட்டு ரொம்ப நாளாச்சாம்."

வகுப்பில் எழுதிக்கொண்டிருந்தவர்கள் பேனாவை நிறுத்தினார்கள்.

"நீங்க போய்ப் பாத்தியளா?"

"பாத்தேன். ஏன் ஆமாம்னு போட்டீங்கன்னு கேட்டேன். சுவரைப் பாத்துட்டுத் திரும்பிப் படுத்துக்கிட்டாரு. கிளையிலதான் கோளாறு டீச்சர். இல்லைன்னு அழுத்தினா அது ஆமாம் பக்கம் கொண்டு விடுதோ என்னவோ. நானே அழுத்தி அழுத்திப் பாத்துட்டேன். எனக்குச் சரியாத்தான் போகுது. ஒண்ணும் புரியல."

டீச்சர் படத்தைப் பார்க்கவே இல்லை. பரஞ்சோதியின் முகத்தைத்தான் பார்த்தார்.

"சாப்பிட்டியளா அண்ணாச்சி?"

"இல்ல டீச்சர். பஸ்ஸைப் பிடிக்கிற அவசரம்."

"ஏன் சாப்பிடல? மதினி சமைக்கலையா?"

"அது... இல்ல."

"ஏன் சமைக்கல? மேலுக்குச் சுகமில்லையா?"

"சுகத்துக்கு ஒண்ணும் இல்ல."

"பெறகு? ஊர்ல இல்லையா? எங்க போயிருக்காங்க? எப்ப வருவாங்க? சொல்லிட்டுப் போனாங்களா, சொல்லாமப் போனாங்களா?"

பரஞ்சோதிக்குக் காதுமடல் சுட்டது. அவருடைய மனைவி கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போயிருந்தாள். வீட்டுக்கு வந்தாலும் கம்ப்யூட்டரையே கட்டிக்கொண்டு அழுகிற மனிதனோடு என்ன குடித்தனம் என்று கேட்டுவிட்டுப் போனவள். இது அக்கம்பக்கத்துக்கே தெரியாது.

வகுப்பு முழுக்க அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"நாளைக்கு வாங்க அண்ணாச்சி" என்றார் டீச்சர். தாளை மடித்து அவர் கையிலேயே கொடுத்தார்.

பஸ்ஸில் போகும்போது பரஞ்சோதிக்கு ஆத்திரமாக வந்தது. உதவி கேட்டுப் போனவனை நாலு பேர் முன்னால் இப்படியா குடைவது? கிளையைப் பார் என்றால் குடும்பத்தைப் பார்க்கிறார்கள். ஏதோ அர்த்தம் இருக்கும் என்று ஒரு மனசு சொன்னது. ஒரு மண்ணும் இல்லை என்றது இன்னொரு மனசு.

மறுநாளும் போனார். வேறு போக்கிடம் இல்லை.

"சாப்பிட்டியளா அண்ணாச்சி?"

பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர்.

"இன்னும் இல்ல டீச்சர்."

"இன்னைக்குமா? நேத்து ராத்திரியாவது சாப்பிட்டியளா? யாரு வச்சுத் தந்தா? ஓட்டல்லயா? எந்த ஓட்டல்? மதினிக்கு போன் போட்டியளா? போடலைன்னா ஏன் போடல? போட்டும் எடுக்கலையா? இது முதல் தடவையா, முன்னாலயும் இப்படிப் போயிருக்காங்களா?"

ஒவ்வொன்றுக்கும் அவர் வாயைத் திறப்பதற்குள் அடுத்தது வந்து விழுந்தது. பெஞ்சில் யாரோ இருமிச் சிரிப்பை மறைத்தார்கள்.

"நாளைக்கு வாங்க."

இந்த முறை ஆத்திரம்கூட வரவில்லை. தலைக்குள் பஞ்சு அடைத்த மாதிரி இருந்தது. அலுவலகத்துக்குப் போனால் இயக்குநர் வாயெல்லாம் பல்லாக நின்றார்.

"நூத்துக்கு நூறு ஆமாம்! இதை வச்சு மாநாட்டுல பேசப் போறேன், பரஞ்சோதி."

"சார், அந்த இசக்கிதுரை..."

"ஒருத்தரை விடுங்க."

ஒருத்தரை விடச் சொல்கிறார். எல்லாரும் ஆமாம் என்கிறார்கள். ஆனால் மாத்திரை வாங்கப் பாதிப் பேர் வருவதில்லை என்று கிளினிக் நர்ஸ் சொல்கிறாள். எதை நம்புவது? பரஞ்சோதி மறுபடியும் உட்கார்ந்து, இல்லையை அழுத்தினார். கேள்விகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஒரு பிசகும் இல்லை.

அடுத்த நாள் காலையில் மறுபடியும் மாடிப்படி ஏறினார். கதவருகே நின்று ஒரு தடவை மூச்சை இழுத்துக்கொண்டார்.

"சாப்பிட்டியளா அண்ணாச்சி?"

"ஆச்சு டீச்சர். வயிறு முட்டச் சாப்பிட்டேன்."

"சந்தோஷம். உக்காருங்க."

டீச்சர் சிரித்தார். நாற்காலியை அவர் பக்கம் நகர்த்திப் போட்டார். அவ்வளவுதான். ஒரு கேள்வி இல்லை. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. மின்விசிறி சுற்றியது. பரஞ்சோதிக்கு அப்பாடா என்று இருந்தது.

அப்போது அவருடைய வயிறு இரைந்தது, வகுப்பு முழுக்கக் கேட்கும்படி.

டீச்சர் கையை நீட்டினார்.

"எங்க, அந்தப் படத்தைக் கொடுங்க. எந்தக் கிளை தப்புன்னு பாப்போம்."

பரஞ்சோதி பையைத் திறக்கவில்லை. அதை மடியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிய ஒரு முதுகு அவருக்குக் கண்ணில் வந்து நின்றது.

"வேண்டாம் டீச்சர்" என்றார்.

டீச்சர் எழுந்து போய்த் தன் டிபன் டப்பாவை எடுத்துவந்து அவர் முன்னால் வைத்தார். ஒன்றும் கேட்கவில்லை. பரஞ்சோதி தலையைக் குனிந்துகொண்டு இட்லியைப் பிட்டார்.

அந்த வாரம் முழுக்க அவர் வெட்டினார். ஆசை ஆசையாக வளர்த்த கிளைகள். ஒவ்வொன்றையும் நீக்கும்போது, 'நீக்கிவிடலாமா?' என்று கம்ப்யூட்டர் கேட்டது. ஒவ்வொரு தடவையும் கை ஒரு கணம் நின்றது.

மிச்சத்தை டீச்சரிடம் கொண்டுபோய்க் காட்டினார்.

"ஆமாம்னா?"

"இந்த வாரம் எது சிரமமா இருந்துச்சுன்னு ஒரே ஒரு கேள்வி டீச்சர். இஷ்டமிருந்தா எழுதலாம்."

"இல்லைன்னா?"

"அதே கேள்விதான்."

"பெறகு?"

"ரெண்டுக்கும் ஒரே மாதிரி நன்றி. பேசணும்னா என் நம்பர்."

"பூப் படம்?"

"எடுத்துட்டேன்."

"ம்" என்றார் டீச்சர். அந்த 'ம்' சரியா தப்பா என்று பரஞ்சோதிக்குப் பிடிபடவில்லை. கேட்கவும் துணியவில்லை.

புதுக் கேள்விகள் போனது வெள்ளிக்கிழமை. முதல் இரண்டு வாரமும் பழையபடி ஆமாம், ஆமாம் என்றே வந்தது. பழகிய கை. மூன்றாவது வாரம் ஒரு இல்லை வந்தது. அப்புறம் இன்னொன்று. அப்புறம் மடை உடைந்த மாதிரி.

இயக்குநர் அவரைக் கூப்பிட்டுக் கத்தினார்.

"நல்லா இருந்ததைக் கெடுத்துக் குட்டிச்சுவராக்கிட்டீரே! மாநாட்டுல என் முகத்தை எங்க கொண்டு வைக்க?"

பரஞ்சோதி போனைத் தூக்கிக்கொண்டு நேராகத் தென்காசிக்கு ஓடினார். மாடிப்படியை ஏறி முடிக்கும்போது அவருக்கு மூச்சு வாங்கியது.

"டீச்சர், பாருங்க. ஒருத்தர் ரெண்டு பேர் இல்ல. நோய் கூடிப்போச்சா, இல்ல நான்தான் கேள்வியைக் கெடுத்துட்டேனா? சந்தோஷப்படணுமா, வருத்தப்படணுமா? ஒண்ணும் ஓடல."

டீச்சர் போனை வாங்கினார். அவசரப்படாமல் ஒவ்வொன்றாகப் படித்தார்.

'வெறும் வயித்துல மாத்திரை போட்டா வண்டி ஓட்ட முடியல, கண்ணு இருட்டுது. ஆஸ்பத்திரியில இருந்து வீட்டுக்கு வந்துட்டேன். ஒரு நாள் வாங்க சார். இசக்கிதுரை.'

'மாமியாருக்குத் தெரியாம மாத்திரையை அரிசிப் பானைக்குள்ள வச்சிருந்தேன். எலி இழுத்துட்டுப் போயிட்டு. திரும்பக் கேக்கப் பயமா இருக்கு.'

'தனியாத்தான் இருக்கேன். மறந்து போகுது.'

"ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொண்ணு டீச்சர்" என்றார் பரஞ்சோதி. "இதுல எதுக்கு எந்தக் கேள்வியைப் போட? திரும்பவும் கிளை விட்டிரலாமா? கொஞ்சம் சொல்லிக் கொடுங்க."

சொல்லிக்கொண்டே நாற்காலியில் உட்காரப் போனார்.

டீச்சர் நாற்காலியைப் பின்னால் இழுத்துக்கொண்டார். போனைப் பரஞ்சோதியின் சட்டைப்பையில் போட்டார்.

"அவங்கதான் சொல்லிட்டாங்களே அண்ணாச்சி. நீங்க ஏன் இன்னும் இங்க நிக்கிய?"