கரித்தொட்டி விரதம்

"அம்மா, நான் இன்னும் கிணத்துத் தண்ணியாவே இருக்கேன். கரியா மாறணும். வழி சொல்லுங்க."

கேட்டவர் ஏகாம்பரம். பாலாற்றங்கரையில் தோல் தொழிற்சாலை நடத்தியவர். எல்லாவற்றையும் துறந்து மடத்துக்கு வந்தவர்தான். ஆனாலும் யாராவது ‘முதலாளி’ என்றால் திரும்பிப் பார்ப்பார்.

மடத்தின் குரு தவமணி அம்மா. ஏகாம்பரத்தைவிடப் பல வயது இளையவர்.

"தண்ணிக்கு என்ன குறை?"

"எது வந்தாலும் கரைச்சு உள்ள வெச்சுக்குது. நம்ம கிணத்தையே பாருங்க, அழுகின முட்டை நாத்தம். ஆறிக் கிடக்கிற வரைக்கும் அடங்கியிருக்கும். அடுப்புல வெச்சா குபீர்னு கிளம்பும். நானும் அப்படித்தான். சாயந்திரம் மக வர்றா. பேரனுக்கு ஜுரம்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், அழுதுடுவேன்."

"கரி?"

"நாத்தத்தை மட்டும் இழுத்துத் தன் மேல ஒட்ட வெச்சுக்குது. அசையறதே இல்லை."

அந்த மடத்தில் கிணற்றுநீரைக் கரித்தொட்டியில் வடிகட்டித்தான் சமைப்பார்கள். ஆள் உயரத்துக்கு மேல் ஆழமான செங்கல் தொட்டி, பாதிவரை கரி. கரியைக் கழுவுவதற்காகத் தண்ணீரை வெளியேற்றி, சில நாட்களாக மூடியே வைத்திருந்தார்கள்.

மௌன விரதம் எடுப்பவர் தனக்குப் பிடித்த இடத்தைக் கேட்டு வாங்கலாம் என்பது மடத்து வழக்கம். ஒருவர் மாட்டுக்கொட்டகையைக் கேட்டு வாங்கினார். பொழுது சாய்வதற்குள் கொசுவைத் திட்டிவிட்டார்.

ஏகாம்பரம் தொட்டியைக் கேட்டார்.

"ஈரக்கரி மேல உக்காந்து மூடியைப் போட்டுக்கிறேன். மக வந்துட்டுப் போகட்டும். எதுவும் என்னை வந்து சேரக் கூடாது."

தவமணி அம்மா மறுக்கவில்லை. அதிலேயே ஏகாம்பரத்துக்குப் பாதி ஞானம் வந்துவிட்டது.

இருவரும் போய் மூடியை நகர்த்தினார்கள். ஏகாம்பரம் குனிந்து மோந்தார்.

"துளி நாத்தம் இல்லைம்மா."

வேட்டியை மடித்துக் கட்டினார். ஏணியில் ஒரு காலை வைத்தார்.

"கொஞ்சம் இருங்க."

தவமணி அம்மா அரிக்கேன் விளக்கை ஏற்றி, கயிற்றில் கட்டி உள்ளே இறக்கினார்.

விளிம்பருகே நன்றாகத்தான் எரிந்தது. கரியை நெருங்கியதும் சுடர் சுருங்கியது. அணைந்தது.

"காத்து அடிச்சிருக்கும்மா."

"தொட்டிக்குள்ளயா?"

மறுபடி ஏற்றி இறக்கினார். அதே ஆழத்தில் மறுபடி அணைந்தது.

"எண்ணெய் இருக்குதா?" என்று கேட்டார் ஏகாம்பரம்.

"நிறைய இருக்குது."

"அப்போ உள்ள என்ன இல்லை?"

"நம்ம மூச்சுக்கு வேணுங்கிற காத்து. மூடிக் கிடந்த தொட்டியில ஈரக்கரி அதையும் இழுத்துக்கிச்சு."

"நாத்தத்தைத்தானேம்மா அது..."

"அப்படின்னு கரிகிட்ட யார் சொன்னது?"

ஏணியில் வைத்த காலை ஏகாம்பரம் கையால் பிடித்துத் தூக்கி வெளியே வைத்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.



"நான் உள்ள போய் மூடியைப் போட்டிருந்தா... மக வாசல்ல நின்னு அப்பான்னு கூப்பிட்டிருந்தா..."

"உங்களுக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காது, ஐயா," என்றார் தவமணி அம்மா. "நீங்க ஆசைப்பட்டது அதுக்குத்தானே?"