செம்பியின் வயிற்றில் ஒரு வாசல்

“மேடம், மீத்தேன் சுத்தமா நின்னுபோச்சு!”

நல்லசிவம் ஆய்வகத்திலிருந்து ஓடியே வந்திருந்தான்.

மாடு விடும் ஏப்பத்தில் மீத்தேன் இருக்கிறது. மேலே போய் உலகைச் சூடாக்குகிற வாயு. அதைக் குறைக்க வழி தேடித்தான் அவன் கால்நடைக் கல்லூரியில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தான். மாட்டின் இரைப்பை நீரில் பூந்திக்கொட்டைச் சாற்றைக் கலந்து, பாட்டிலில் அடைத்து, வாயுவை அளப்பான். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைந்தது. பொறுமை போய், இந்த முறை சாற்றைத் தாராளமாக ஊற்றிவிட்டான்.

“துளி வாயு இல்லை மேடம். நாளைக்கே நம்ம செம்பி மாட்டுக்குக் கொடுத்துப் பார்க்கலாமா? இது சரியா வந்தா என் ஆய்வேடு முடிஞ்ச மாதிரி.”

பேராசிரியர் ஜெயசீலி மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

“செம்பியைப் பார்த்திருக்கீங்களா?”

“தினமும் பார்க்கிறேனே மேடம்.”

“வெளியேதானே?”

கொட்டகைக்குக் கூட்டிப் போனார். செம்பியின் இடது வயிற்றில் ஒரு ரப்பர் மூடி. ஆராய்ச்சிக்காக அறுவை செய்து வைத்த வாசல். இரைப்பை நீர் எடுக்க நல்லசிவம் இதுவரை அதில் குழாயை மட்டுமே விட்டிருக்கிறான்.

அவர் நீளக் கையுறையை நீட்டினார். மூடியைத் திறந்தார்.

“கையை விடுங்க.”

“உதைக்குமா மேடம்?”

“அது உதைக்காது. இன்னும் தயங்கினா நான் உதைப்பேன்.”

முழங்கை வரை விட்டான். உள்ளே அடுப்படிச் சூடு. ஈரமான வைக்கோல். திடீரென்று அந்த இருட்டு அசைந்தது. அவன் கையை மெல்ல இறுக்கிப் பிடித்தது. விட்டது. மறுபடி பிடித்தது.

செம்பி அதுபாட்டுக்கு அசைபோட்டுக்கொண்டு நின்றது.

அவன் கையை மெதுவாக வெளியே எடுத்தான்.

அவர் அந்த வாசலிலிருந்தே ஒரு துளி எடுத்துவந்து ஆய்வக நுண்ணோக்கியில் வைத்தார். அவன் குனிந்தான்.

மழை விட்டதும் புற்றிலிருந்து ஈசல் கிளம்புமே, அப்படி. உருண்டையாய், நீளமாய், மயிர் சிலிர்க்க, ஒன்றையொன்று இடித்துக்கொண்டு ஓடின. ஓடிக்கொண்டே இருந்தன.

“எத்தனை உசிரு?”

“எண்ணவே முடியல மேடம்.”

“செம்பி தின்ன வைக்கோலை அவளுக்குச் சோறாக்குறவங்க. இப்ப உங்க பாட்டில்.”

பாட்டிலிலிருந்து ஒரு துளி வைத்தான். பார்த்தான். நுண்ணோக்கியின் திருகைத் திருப்பினான். வேறு துளி வைத்தான்.

“லென்ஸ்ல ஏதோ கோளாறு மேடம். ஒண்ணுமே அசையல.”

“லென்ஸ் நல்லாத்தான் இருக்கு.”

குனிந்தவன் நிமிரவில்லை. செம்பி பிடித்திருந்த கையில் இன்னும் சூடு ஆறவில்லை.

கடைசியில் நிமிர்ந்து கேட்டான்.

“அப்ப… எவ்வளவு ஊத்தலாம் மேடம்?”

அவர் முதல் துளியை மறுபடி நுண்ணோக்கியில் வைத்தார்.

“இவங்களைக் கேளுங்க.”