செல்லாயி குளிக்கப் போன வழி

முன்னொரு காலத்தில் கருங்குன்றம் என்ற நாட்டைக் கூத்தரசன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தார். மலை உச்சியில் கோட்டை இருந்தால்தான் ராஜாவுக்கு மதிப்பு என்று நினைத்து, கட்டியும் விட்டார். குடியேறிய பிறகுதான் தெரிந்தது, மேலே காற்று இருக்கிறது, காட்சி இருக்கிறது, சொட்டுத் தண்ணீர் இல்லை என்று. குளமோ அடிவாரத்தைச் சுற்றி வளைந்து கிடந்தது.

அதனால் செல்லாயி என்கிற யானை தினமும் தண்ணீரை முதுகில் சுமந்து மலையேறினாள். ராஜாவுக்கு அவள்மேல் கொள்ளைப் பிரியம். காலையில் அவளுக்கு வெல்லக்கட்டி ஊட்டாமல் தான் ஒரு வாய் கஞ்சி குடிக்கமாட்டார்.

ஒருநாள் வெல்லம் கொடுக்கப் போனவர், அவள் முதுகில் கயிறு அறுத்த புண்ணைப் பார்த்துவிட்டார். கண் கலங்கிவிட்டது. நேரே சபைக்கு வந்து, "இன்று முதல் என் செல்லாயி சுமை தூக்கி மலையேறக் கூடாது. இது என் வாக்கு" என்றார். யோசித்துப் பேசுகிற பழக்கம் அவர் வம்சத்திலேயே கிடையாது.

பொக்கிஷக்காரர் வச்சிரநாதர் குஷியாகிவிட்டார். மந்திரி மாறப்பர் பேசினால் ராஜா காது கொடுக்கிறார், தான் பேசினால் கொட்டாவி விடுகிறார் என்று அவருக்கு வெகுநாளாக வயிற்றெரிச்சல். இன்று தன் புத்தியைக் காட்டிவிடலாம் அல்லவா?

"நல்ல வாக்கு மகாராஜா. ஆனால் சும்மா நிற்கிற யானைக்குத் தீனி போட்டால் கட்டுப்படியாகுமா? தெற்கே மரக்கிடங்குக்காரர் ஒருவர் யானை கேட்கிறார். அவளை அனுப்பிவிட்டுக் கழுதைகள் வாங்கிவிடலாம். தீனிச் செலவு கால்வாசிதான்."

ராஜாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. சபையில் கொடுத்த வாக்கை எப்படித் திரும்ப வாங்குவது? மெல்ல மாறப்பரைப் பார்த்தார். இருவரும் ஒரே வாத்தியாரிடம் அடிவாங்கி வளர்ந்தவர்கள். வம்பை இழுத்துவிட்டுக்கொண்டு முழிக்கிற அந்த முழி மாறப்பருக்குப் பழக்கம். பாவமாக இருந்தது.

"மகாராஜா, பௌர்ணமி வரை கழுதைகளை வாடகைக்குப் பிடித்து ஓட்டிப் பார்ப்போம். சரிப்பட்டால் செல்லாயி போகட்டும். இல்லாவிட்டால் நான் ஒரு வழி சொல்கிறேன்" என்றார் மாறப்பர்.

சொல்லிவிட்டாரே தவிர, அவர் கையில் வழியும் இல்லை, மண்ணும் இல்லை. கிடங்கில் மரம் இழுக்கிற யானைகளின் கதி அவருக்குத் தெரியும். அதை நினைத்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

கழுதைகள் வந்தன. தண்ணீரோடு மேலே ஏறின, நாக்குத் தள்ள நின்றன, கொண்டுவந்ததில் பாதியைத் தாங்களே குடித்தன. அவற்றுக்கு வைக்கோல் மேலே வரவேண்டும் அல்லவா? வைக்கோல் சுமக்க வேறு கழுதைகள் வந்தன. அவையும் குடித்தன. குளிக்கத் தண்ணீர் இல்லை என்று அந்தப்புரத்திலிருந்து ஆள்மேல் ஆள் வந்தது. வச்சிரநாதர் அசரவில்லை. செலவு ஏறுகிறதே என்று தீனியைக் குறைத்தார். கழுதைகள் பாதி மலையில் படுத்துவிட்டன.

மாறப்பர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். செல்லாயி விஷயத்திலும் இதே கதைதானே நடந்தது என்று அவருக்கு உறைத்தது. அவள் சுமந்ததில் பெரும்பங்கு அவள் குடிக்கவும் குளிக்கவுமே போயிற்று. யோசித்தபடி கீழே இறங்கினார். குளக்கரைத் தோட்டத்தில் கமலை ஓடிக்கொண்டிருந்தது. மாடு சரிவில் இறங்குகிறது, கயிறு இழுபடுகிறது, கிணற்றிலிருந்து தோல்சால் தண்ணீரோடு மேலே வருகிறது. பிறந்ததிலிருந்து பார்க்கிற காட்சி. அன்று அதைப் பார்த்துவிட்டு நடுவழியில் நின்று வாய்விட்டுச் சிரித்தார். மந்திரிக்கு மூளை பிசகிவிட்டது என்றே தோட்டக்காரர் முடிவு கட்டினார்.

பௌர்ணமியன்று ஊரே கோட்டைச் சுவரில் நின்றது. செங்குத்தான பாறை விளிம்பில் பெரிய உருளை. அதன்மேல் ஓடிய வடத்தின் ஒரு நுனியில், அடிவாரத்தில் தண்ணீர் நிரம்பிய தோல்சால்கள். மறு நுனி, பஞ்சு வைத்துத் தைத்த அகலப் பட்டையோடு செல்லாயியின் மார்பில்.

"குளிக்கப் போலாமா தாயி?" என்றார் பாகன். அவளுக்கு வேறென்ன வேண்டும்? மறுபக்கச் சரிவில் ஆடி அசைந்து இறங்கினாள். அவள் இறங்க இறங்கச் சால்கள் மேலே வந்தன. எட்டிப் பார்த்த ராஜாவைக் காவலர்கள் இடுப்புக் கச்சையைப் பிடித்து நிறுத்தவேண்டியிருந்தது.

"இதுவும் சுமைதானே மந்திரியாரே?" என்று கேட்டார் வச்சிரநாதர்.

"சுமைதான். ஆனால் இறங்குகிற உடம்பின் கனமே பாதி இழுத்துவிடுகிறது. ஏறும்போது வெறும் முதுகு, அதனால் மகாராஜா வாக்கும் பிசகவில்லை. குடிப்பது, குளிப்பது, தழை தின்பது எல்லாம் இனி கீழேயே. அவளுக்கென்று எதையும் மலை ஏற்றவேண்டாம். செலவு எங்கே குறையும் என்று நீர் பார்த்தீர். நான் வீணாவது எங்கே என்று பார்த்தேன், அவ்வளவுதான்."

ராஜா மாறப்பரையும் கூட்டிக்கொண்டு குளத்துக்கு நடந்தே இறங்கினார். தும்பிக்கையைக் கட்டிக்கொண்டு அழுதார். "இவள் போயிருந்தால் நான் என்னடா ஆகியிருப்பேன், மாறா?" என்றார். பிறகு தன் முத்துமாலையைக் கழற்றி மாறப்பர் கழுத்தில் போட்டார்.

வச்சிரநாதருக்கும் ஒரு பரிசு கிடைத்தது. தினமும் செல்லாயியோடு இறங்கி, அவளைத் தேய்த்துக் குளிப்பாட்டவேண்டும். பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவர் யானைக் காது தேய்த்த அழகை ஊரே வேடிக்கை பார்த்தது. முதல் வாரம் முணுமுணுத்தார். அப்புறம் அவளோடு பேச ஆரம்பித்தார்.

மழைக்காலத்தில் ஒருநாள் அவர் காய்ச்சலில் படுத்துவிட்டார். பாகன் கெஞ்சினார், ராஜா வெல்லத்தை நீட்டினார். செல்லாயி ஓர் அடி எடுத்துவைக்கவில்லை. கடைசியில் ராஜாவே வச்சிரநாதர் வீட்டுக்குப் போய், "நீர் வராமல் அவள் இறங்கமாட்டேன் என்கிறாள் ஐயா" என்றார்.

வச்சிரநாதர் போர்வையோடு எழுந்து உட்கார்ந்தார். "அது கிடக்கட்டும் மகாராஜா, அவள் சாப்பிட்டாளா?" என்று கேட்டுக்கொண்டே செருப்பைத் தேடினார்.