அரை இலை

இளவழகனுக்கு ஐம்பத்து மூன்று வயது. அவருடைய குரு மரகதம்மாளுக்கு நாற்பத்தாறு. இதைச் சொல்லி ஊரார் சிரிப்பதுண்டு. அவர் அதற்காகக் கவலைப்பட்டதில்லை. கவலைப்பட அவருக்கு வேறு விஷயங்கள் இருந்தன.

அவர் மாவட்ட நன்னடத்தை அலுவலர். தண்டனை பெற்றவர்கள் சிறையில் கிடக்காமல், சொந்த ஊரிலேயே பொதுவேலை செய்து தண்டனையைக் கழிக்கும் திட்டத்தை இரண்டு வருடமாகப் பார்த்துப் பார்த்து உருவாக்கியவர். விதிகளை எழுதியவரும் அவரே.

அன்று பையில் ஒரு கடிதத்தோடு குருவிடம் வந்தார்.

"அம்மா, சின்னக்காளையைத் திரும்பச் சிறைக்கு அனுப்பச் சொல்லி எழுதிவிட்டேன். சாயங்காலம் நீதிமன்றத்தில் கொடுக்க வேண்டும்."

"என்ன செய்தான்?"

"ஒன்பதிலிருந்து ஐந்து வரை கண்மாய்க்கரையை விட்டு நகரக் கூடாது என்பது விதி. தினமும் மதியம் ஒரு மணி நேரம் காணாமல் போகிறான். மூன்று முறை எச்சரித்தேன். ஏன் ஓடுகிறாய் என்று கேட்டால் வாய் திறப்பதில்லை."

"வேலை?"

"குறையே இல்லை. அதுதான் உறுத்துகிறது. தவறு அவனிடமா, விதியிலா, என்னிடமா என்று தெரியவில்லை."

மரகதம்மாள் செருப்பை மாட்டினார்.

"பசிக்கிறது. கண்மாய்க்குப் போய்ச் சாப்பிடலாம்."

அந்த ஊரில் ஒரு வழக்கம். கரைவேலை நடக்கும் நாட்களில் வேலையாட்களுக்கு முறைவைத்து ஒரு வீடு சோறு போடும். அன்று ராக்கப்பன் வீட்டு முறை. போன வருடம் தண்ணீர்த் தகராறில் சின்னக்காளை மண்வெட்டிக் காம்பால் அடித்து முறித்தது இதே ராக்கப்பனின் கையைத்தான். எலும்பு கூடிவிட்டது. இடது முழங்கை மட்டும் இன்னும் நேராக நீளாது.

வேப்பமரத்தடியில் இலைகளைப் போட ஆரம்பித்தார்கள். சின்னக்காளை மண்வெட்டியைக் கழுவி வைத்துவிட்டு, கரையின் மறுபக்கம் இறங்கப் போனான்.

"பார்த்தீர்களா?" என்றார் இளவழகன்.

மரகதம்மாள் குரல் கொடுத்தார். "தம்பி, நீ எங்கே சாப்பிடுவாய்?"

அவன் நின்றான். இளவழகன் அவனிடம் இதுவரை கேட்காத கேள்வி அது.

"வீட்டுலதாம்மா. இங்க இலைய எண்ணித்தான் கொண்டாருவாங்க. என்னைச் சேர்க்காம எண்ணுவாங்க. நான் நின்னு பாத்துக்கிட்டிருந்தா அவங்களுக்குத் தொண்டையில இறங்குமா?"

விருந்தாளிகள் இருவருக்கு மட்டும் எப்படியோ இரண்டு இலை கூடுதலாக வந்தது. மரகதம்மாள் உட்கார்ந்தார். தன் இலையைக் குறுக்கே கிழித்து, ஒரு பாதியைப் பக்கத்தில் போட்டார்.

"உட்காரப்பா."

"என்னம்மா, ஆட்டுக்கா கிழிக்கிறீங்க?" என்று வரிசையில் யாரோ சிரித்தார்கள். சின்னக்காளை உட்கார்ந்ததும் சிரிப்பு நின்றது.

குழம்பு வாளியோடு வந்த ராக்கப்பன் அரை இலைக்கு முன்னால் நின்றார்.

"என்னம்மா இது?"

"இலை பத்தவில்லை போலிருக்கிறது."

சின்னக்காளை குனிந்த தலை நிமிரவில்லை. ராக்கப்பன் வாளியை மடங்கிய கைக்கு மாற்றினார். சட்டென்று மனைவியின் பக்கம் திரும்பிக் கத்தினார்.

"ஏ பூங்கோதை! முழு இலையா ரெண்டு எடுத்தா! ராக்கப்பன் வீட்டுச் சோத்த அரை இலையில தின்னோம்னு நாளைக்கு எவனும் பேசக் கூடாது!"

இலை வந்தது. அவன் முகத்தைப் பார்க்காமல் ராக்கப்பனே சோறு போட்டார், குழம்பு ஊற்றினார், அடுத்த இலைக்குப் போனார். நாலு இலை தள்ளிப் போனவர் திரும்பி வந்தார்.

"கொழம்பு பத்துமாடா?"

"பத்தும்ண்ணே."

திரும்பும் வழியில் இளவழகன் கடிதத்தை எடுத்து நாலாகக் கிழித்தார். கொஞ்ச தூரம் நடந்ததும் பழைய கவலை பிடித்துக்கொண்டது.

"பதினாறு ஊரில் இன்னும் இருபத்தேழு பேர் இருக்கிறார்கள், அம்மா. ஊர் ஊராக நீங்கள் வர முடியுமா?"

மரகதம்மாள் நின்று அவரைப் பார்த்தார்.

"ஏன், நீங்கள் போனால் இலை போட மாட்டார்களா?"