பாட்டைக் கேட்டவருக்கு ஒரு சால்வை

நிதானமாகக் கேளுங்கள். கதை நிற்கும் இடத்தில் தீர்ப்பை உங்களிடம்தான் கேட்கப்போகிறேன்.

போர் நடந்துகொண்டிருந்த ஒரு குளிர்காலம். புகழ்பெற்ற சினிமாப் பாடகி மரகதவல்லி எல்லை மலையின் அடிவார முகாமுக்கு வந்திருந்தார். இரண்டு லாரிகளைச் சேர்த்து நிறுத்தியதுதான் மேடை. நானூறு வீரர்கள் பனித்தரையில் உட்கார்ந்து கேட்டார்கள். கச்சேரி முடிந்ததும் கேப்டன் சௌந்தரபாண்டியன் தயங்கித் தயங்கி அவரிடம் வந்தார்.

"மேலே உச்சிக் காவல்சாவடியில நம்ம ஆளுங்க மூணு பேர் இருக்காங்கம்மா. பனி சரிஞ்சு வழி அடைச்சுப்போச்சு. நாலு நாளைக்கு யாரும் ஏற முடியாது. ஒச்சப்பன்னு ஒருத்தருக்குக் கால் விறைச்சுப்போய் ரெண்டு நாளா பேச்சும் இல்லை, சாப்பாடும் இல்லை. மனசு விட்டுட்டா ஆள் தேறமாட்டார்ங்கறார் டாக்டர். டெலிபோன் மட்டும் வேலை செய்யுது. அஞ்சு நிமிஷம் தரமுடியும்."

"ஒரு பாட்டுக்கு அது போதுமே," என்றார் மரகதவல்லி.

மேலே டெலிபோன், பதுங்குகுழியின் வாசலோரம் இருந்தது. அதன் கம்பி ஒச்சப்பனின் படுக்கைவரை எட்டாது. அவரை அசைக்கவும் கூடாது. அந்த நேரம் வெளியே காவல் நிற்கும் முறை தாவீதுடையது. உள்ளே இருக்க வேண்டியவர் மஸ்தான். மரகதவல்லி பாடிய படம் என்றால் ஏழெட்டுத் தடவை பார்க்கிற ஆள் அவர். ஆனாலும் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"உனக்குத்தான் பெரிய தொண்டை. கேட்டுக் கேட்டு ஒச்சப்பனுக்கு நீ சத்தமாப் பாடு. நான் வெளிய நிக்கிறேன்."

மணல்மூட்டைச் சுவருக்கு அந்தப் பக்கம், எதிரி வரக்கூடிய சரிவின்மேல் கண்ணை வைத்தபடி அவர் நின்றார். அன்று காற்று அடங்கியிருந்தது.

மரகதவல்லி தமது பேர்பெற்ற பரிசல்காரன் பாட்டைத் தொடங்கினார். தாவீது ஒரு காதில் டெலிபோனை அழுத்தி, மறு காதைப் பொத்திக்கொண்டு, முதல் அடியைக் கேட்டு உரக்கப் பாடினார். அதற்குள் கம்பியில் இரண்டாவது அடி ஓடிவிட்டது. அவர் திகைத்து வாய்மூடி மூன்றாவதைப் பிடிக்கப் பார்த்தார்.

அந்த இடைவெளியில், படுக்கையிலிருந்து ஒரு கரகரத்த குரல் இரண்டாவது அடியைப் பாடியது.

பிறகு அப்படியே நடந்தது. ஓர் அடியைத் தாவீது கேட்டுப் பாடுவார்; அவர் தவறவிட்ட அடியை ஒச்சப்பன் நினைவிலிருந்து பாடுவார். கீழே, மரகதவல்லியின் காதில் தாவீதின் முழக்கமும் அதன் பின்னால் மெலிதாக இன்னொரு குரலும் விழுந்தன. கருவியருகே காதைக் கொண்டுவந்த கேப்டன், "அது ஒச்சப்பன்!" என்றார். சுற்றியிருந்தவர்கள் சன்னிதியில் நிற்பதுபோல நின்றார்கள். மரகதவல்லி பாட்டை நிறுத்தவில்லை.

முடித்ததும் தமது கம்பளிச் சால்வையைக் கழற்றினார். "மேலே என் பாட்டைக் கேட்டவருக்கு இதைக் குடுங்க."

உச்சியில், காவல் மாறி மஸ்தான் உள்ளே வந்தார். "நாலாவது அடிய ரெண்டு தரம் பாடிட்டியே, ஒச்சப்பா!" என்றார். ஒச்சப்பன் சிரித்துவிட்டுக் கஞ்சி கேட்டார்.

நான்கு நாள் கழித்து வழி திறந்தது. ஒச்சப்பனைத் தூக்கிப்போக வந்தவர்கள் சால்வையை நீட்டி, "பாட்டைக் கேட்டது யாரு?" என்றார்கள். அந்தக் குளிரிலும் ஒருவர்கூடக் கை நீட்டவில்லை.

"நான் கேட்டது பாதிதான். ஒச்சப்பன் இல்லேன்னா பாட்டே இல்லை," என்றார் தாவீது.

"அந்தம்மா குரல் என் காதுல விழவே இல்லை. மஸ்தானுக்குக் குடுங்க. அவன்தான் விட்டுக்குடுத்தான்," என்றார் ஒச்சப்பன்.

"நான் டெலிபோனைத் தொடக்கூட இல்லையே! தாவீதுக்குத்தான்," என்றார் மஸ்தான்.

சால்வை கேப்டனிடமே திரும்பி வந்தது. இப்போது சொல்லுங்கள்: அது யாருக்குச் சேர வேண்டும்?

விடை: மஸ்தானுக்கு. விட்டுக்கொடுத்ததற்காக அல்ல. தாவீதுக்குக் கிடைத்தது ஒன்றுவிட்டு ஓர் அடி. ஒச்சப்பன் காதால் கேட்டதும் அவ்வளவே. மற்றதை அவரே பாடினார். சுவருக்கு வெளியே நின்றவர் ஒருவருக்குத்தான் முதல் அடியிலிருந்து கடைசி அடிவரை வரிசை தப்பாமல் பாட்டு முழுதாகக் கிடைத்தது. இல்லாவிட்டால் நாலாவது அடியின் பிழை அவருக்கு எப்படித் தெரியும்? கேப்டன் இப்படித்தான் தீர்த்தார். தீர்ப்பைக் கேள்விப்பட்ட மரகதவல்லி, "அவங்க ரெண்டு பேரும் எப்படிப் பாடினாங்களாம்?" என்று கேட்டார்.

"சகிக்கலையாம், அம்மா," என்றார் கேப்டன். "ஆனா அதுமாதிரி ஒரு கச்சேரியை வாழ்நாள்ல கேட்டதில்லையாம்."