மூணு திருடரும் நாப்பது மாடும்

உம் கொட்டிக்கிட்டே கேக்கணும், சொல்லிட்டேன். உம் நின்னா கதையும் நின்னுடும். ஏய் மயிலு, காலை நீட்டாதே, அவன் மேல படுது பாரு.

ஒரு ஊர்ல, ஓடைமேடுன்னு ஒரு ஊர்ல, மூக்கையன் மூக்கையன்னு ஒருத்தன் இருந்தானாம். அவனுக்குன்னு இருந்தது ரெண்டே ரெண்டு சொத்து. ஒண்ணு, செவலைன்னு ஒரு பசு. இன்னொண்ணு, ஆறு மாசத்துப் பொம்பளைப் பிள்ளை. பிள்ளையைப் பெத்த தாய் பிரசவத்துலயே போயிட்டா, பாவம். அதனால அந்தப் பிள்ளைக்குத் தாயும் செவலைதான், பாலும் செவலைதான். விடிஞ்சா கறப்பான், சங்குல ஊத்திப் புகட்டுவான், அது குடிச்சிட்டு வீடே அதிர்ற மாதிரி ஒரு கத்து கத்திட்டுத் தூங்கும். குடிச்சப்புறம் எதுக்குக் கத்துதுன்னு கேக்காதே. அது அந்தப் பிள்ளையோட பழக்கம்.

அந்த ஊருக்கு ஒரு ராஜா. நல்லவருதான். ஆனா எதையும் கேட்டுத் தெரிஞ்சுக்கற வழக்கம் கிடையாது. ஒருநாள் சாப்பிட உக்காந்தவரு, "பாயசத்துல பால் கம்மியா இருக்கே"ன்னு சொன்னாராம். அவ்வளவுதான் சொன்னார். அரண்மனை மணியக்காரர் பூவலிங்கம்னு ஒருத்தன், அவன் அதைப் பிடிச்சுக்கிட்டு, ஆளோட போயி, ஊர்ல பால் குடுக்கற மாட்டையெல்லாம் ஒண்ணு விடாம ஓட்டிட்டு வந்துட்டான். நாப்பது மாடு! ராஜாகிட்ட வந்து, "ஜனங்க அன்பாக் குடுத்தது மகாராஜா"ன்னு சொல்லிட்டான். ராஜாவும், "அப்படியா, சந்தோஷம்"னு போயிட்டார்.

அந்த நாப்பதுல செவலையும் ஒண்ணு.

மூக்கையன் அரண்மனை வாசலுக்கு ஓடினான். "ராஜாவைப் பாக்கணும்யா, பிள்ளை பட்டினியாக் கிடக்குது"ன்னான். "ராஜாகிட்ட சொல்றதை என்கிட்ட சொல்லு"ன்னான் பூவலிங்கம். சொன்னான். "கேட்டாச்சு, போ"ன்னுட்டான். பிள்ளைக்கு ஆட்டுப்பால் புகட்டினா கக்குது. கைக்குழந்தைக்காரி யாராவது உண்டான்னு தெருத்தெருவா விசாரிச்சான், ஒருத்தியும் இல்லை. கஞ்சித் தண்ணிதான் ஊத்தினான். மொத நாள் பிள்ளை ஊரைக் கூட்டி அழுதுச்சு.

மூக்கையனுக்கு ரெண்டு சிநேகிதம். ஒருத்தர் தச்சு வேலை ஆண்டியப்பன். இன்னொருத்தி கல்யாணம் காதுகுத்துக்கெல்லாம் சமைக்கப் போற இருளாயி. அழுகையைக் கேட்டு ரெண்டு பேரும் ஓடி வந்தாங்க.

"நம்ம மாட்டை நாமளே திருடிட்டு வந்துடுவோம்"னார் ஆண்டியப்பன்.

"திருடியிருக்கீங்களாண்ணே முன்னப் பின்ன?"ன்னா இருளாயி.

"இல்லை. நீ?"

"நான் எங்க திருடினேன்! கல்யாண வீட்டுல மிஞ்சின அப்பளத்தைக்கூட வாயில போட்டது கிடையாது."

"சரி, பழகிக்குவோம்"னார் ஆண்டியப்பன். ராத்திரி போனா பந்தம் உண்டு, நாய் உண்டு. மத்தியானம் போனா அரண்மனையே உண்ட மயக்கத்துல கிடக்கும்னு யோசனை பண்ணி, திருடன்னா மூஞ்சில கரி பூசணுமாமேன்னு மூணு பேரும் கரியைப் பூசிக்கிட்டு, உச்சி வெயில்ல கிளம்பினாங்களாம். வேர்வையில கரி வழிஞ்சு கழுத்துக்கு வந்துடுச்சு. பாக்கறதுக்கு எப்படி இருந்திருக்கும்னு நினைச்சுப் பாரு!

போனா, வாசல் காவக்காரன் தூங்குறான், யானைப்பாகன் தூங்குறான், ராஜாவும் கண்ணை மூடிக் கிடக்கிறார். பின்னாடி ஒரு பெரிய கதவு. கதவு சுழல்ற குடுமி தேஞ்சு சரிஞ்சு, மூடாமக் கிடக்குது. லேசாத் தள்ளிட்டு உள்ள போக வேண்டியதுதான். ஆண்டியப்பன் தள்ளினார். கிரீச்சுன்னுச்சு. மறுபடி தள்ளினார். கிரீச்சு. அவருக்கு முகம் சுண்டிப் போச்சு.

"எவன்டா இந்தக் கதவைப் பாத்துக்கறவன்? எப்பேர்ப்பட்ட தேக்கு! இப்படியா போட்டு வெப்பானுவ?"

"அண்ணே, மாடு..."ன்னான் மூக்கையன்.

"ஒரு நிமிஷம் இருடா"ன்னு உளியை எடுத்தார், சுத்தியலை எடுத்தார், பூவரசங்கட்டையில ஒரு துண்டு சீவி குடுமிக்கு அடியில ஆப்பு வெச்சு, டொக் டொக்குன்னு அடிச்சார். ஒருத்தனாவது எந்திரிக்கணுமே! வேலை செய்யற சத்தம்தானேன்னு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டானுவ. கதவு தூக்கி நிறுத்தின மாதிரி ஆயிடுச்சு. "இப்பப் பாரு"ன்னு ஆண்டியப்பன் ஒரு விரலால தொட்டார். வழுக்கிக்கிட்டுப் போயி பொருந்தி மூடிச்சு. உள்பக்கம் தாழ்ப்பாளும் டக்குன்னு விழுந்துடுச்சு.

மூணு பேரும் வெளிய நிக்கிறாங்க.

அன்னிக்குச் சாயங்காலம் ராஜா, "பத்து வருஷமா அந்தக் கதவுச் சத்தத்துல நான் மத்தியானம் தூங்கினதே இல்லை. யாரு சரி பண்ணது?"ன்னு கேட்டார். பூவலிங்கம் முன்னாடி வந்து, "அடியேன்தான் மகாராஜா"ன்னான். ராஜா ஒரு பட்டுச் சால்வை போத்தினார்.

ரெண்டாம் நாள். பிள்ளை அழுதுச்சு, ஆனா பக்கத்து வீட்டுக்குக் கேக்கலை. மறுபடி கரி, மறுபடி வெயில். வாசல் காவக்காரன் தூங்குறான், யானைப்பாகன் தூங்குறான், ராஜாவும் தூங்குறார். இன்னிக்கு அடுக்களை வழியாப் போனாங்க. அங்க சமையல்காரனும் குறட்டை விடறான். அடுப்புல பருப்பு அடிப்பிடிச்சுக்கிட்டு வருது. இருளாயி மூக்கைச் சுருக்கினா.

"அக்கா, பாக்காத மாதிரி வா"ன்னான் மூக்கையன். கெஞ்சினான்.

"எப்படிய்யா வர்றது? கண்ணு முன்னாடி கருகுதே!" அவ பானையை இறக்கினா. சரி, இறக்கினதோட வந்திருக்கலாம். பக்கத்துச் சட்டியில இருந்த புளிக்குழம்பை ஒரு சொட்டு நாக்குல வெச்சுப் பாத்தா. "ஐயையோ, இதையா ராஜா திங்கிறாரு, பாவம்"னு, வெந்தயத்தை வறுத்து, பொடிச்சுப் போட்டு, நல்லெண்ணெயைக் காய வெச்சு கடுகு, கறிவேப்பிலை தாளிச்சுக் கொட்டினா பாரு, சொய்ய்ய்ன்னுச்சு! சுத்தியல் சத்தத்துக்கு எந்திரிக்காத அரண்மனை தாளிப்பு வாசனைக்கு எந்திரிச்சிடுச்சு. காவக்காரன் எந்திரிச்சான், பாகன் எந்திரிச்சான், யானைகூட தும்பிக்கையைத் தூக்கிப் பாத்துச்சாம். மூணு பேரும் விழுந்தடிச்சு ஓடி வந்தாங்க.

ராத்திரிச் சாப்பாட்டுல ராஜா சட்டியையே வழிச்சுட்டு, "யாரு வெச்ச குழம்பு?"ன்னார். "அடியேன்தான்"னான் பூவலிங்கம். ஒரு மோதிரம் கிடைச்சுது. வெக்கமே இல்லை பாரு அவனுக்கு.

மூணாம் நாள் பிள்ளை அழவே இல்லை.

மயிலு, உம் கொட்டு. நீ பயப்படாதே, நான் சொல்றேன். அழற பிள்ளையைத் தூக்கி வெச்சுக்கலாம், ஆட்டலாம், திட்டக்கூடச் செய்யலாம். அழாம மேல பாத்துக்கிட்டுக் கிடக்கற பிள்ளையை என்ன பண்றது? மூக்கையன் அதை விட்டுட்டு வர பயந்து, துண்டுல சுத்தி நெஞ்சோட கட்டிக்கிட்டான். இடுப்புல சங்கைச் சொருகிக்கிட்டான். அன்னிக்கு யாரும் கரி பூசலை. யாருக்கும் அந்த ஞாபகமே வரலை.

வாசல் காவக்காரன் தூங்குறான், யானைப்பாகன் தூங்குறான், ராஜாவும் தூங்குறார். வைக்கோல் குவிச்ச படப்பு பக்கமா வேலியைப் பிரிச்சுக்கிட்டு நேரா கொட்டிலுக்கே போயிட்டாங்க. செவலை அவனைப் பாத்ததும் "மா..."ன்னுச்சு. பாயசத்துக்கு நாலு மாட்டைக் கறந்துட்டு மத்ததை அப்படியே விட்டுட்டானுவ படுபாவிங்க. ஒவ்வொண்ணுக்கும் மடி கல்லு மாதிரி கட்டிக் கிடக்குது. மூக்கையன் உக்காந்தான். ஒரு சங்கு கறந்து பிள்ளை வாயில வெச்சான். முதல்ல வழிஞ்சுது. அப்புறம் ஒரு வாய் இறங்குச்சு. அப்புறம் இன்னொரு வாய். ரெண்டு சங்கு குடிச்சிட்டு அது கண்ணை மூடிக்கிச்சு.

"வாடா, போயிடலாம்"னார் ஆண்டியப்பன். கயித்தை அவுத்தாச்சு. பிள்ளையும் குடிச்சாச்சு. போக வேண்டியதுதானே?

மத்த மாடெல்லாம் கத்துது. வலியில கத்துது. மூக்கையன் நாலு எட்டு வெச்சான். நின்னான்.

"நீங்க ரெண்டு பேரும் உங்க வேலையைப் பாத்தீங்கல்ல. நான் மட்டும் எப்படிண்ணே வர்றது?"ன்னான். பிள்ளையை வைக்கோல்ல படுக்க வெச்சிட்டு, ஒவ்வொரு மாடா உக்காந்து கறக்க ஆரம்பிச்சிட்டான். இருளாயி பானை பானையா எடுத்துக் குடுக்கறா, ஆண்டியப்பன் மாட்டைப் பிடிச்சுக்கறார். கத்தல் ஒவ்வொண்ணா அடங்குது. கடைசி மாடு. அதையும் கறந்து முடிக்கப் போறான், அப்ப அந்தப் பிள்ளை முழிச்சுக்கிட்டு, வயிறு ரொம்பின தெம்புல, அரண்மனையே அதிர்ற மாதிரி ஒரு கத்து கத்துச்சு!

இருளாயி பதறிப் போயி, "வாயைப் பொத்துய்யா!"ன்னா. மூக்கையன் பொத்தலை, பிள்ளையை வாரித் தூக்கிக்கிட்டான். சிரிக்கிறான். கண்ணுல தண்ணி ஊத்துது, சிரிக்கிறான். "கத்தட்டும்க்கா. கத்தட்டும்"ங்கறான்.

அப்புறம் என்ன, கையும் களவுமா மாட்டிக்கிட்டாங்க. பூவலிங்கம் ஓடி வந்தான், காவக்காரன் ஓடி வந்தான், ராஜாவும் கிரீடம் இல்லாம, கலைஞ்ச தலையோட வந்துட்டார்.

"மாடு திருட வந்த கூட்டம் மகாராஜா! கையை வெட்டணும்!"னான் பூவலிங்கம்.

"திருடவா வந்தீங்க?"ன்னார் ராஜா.

"ஆமாங்க"ன்னான் மூக்கையன். "முந்தாநாளும் வந்தோம், நேத்தும் வந்தோம். முந்தாநாள் கதவு மூடிக்கிச்சு. நேத்து குழம்பு தாளிச்சதுல மாட்டிக்கப் பாத்தோம்."

"கதவைச் சரி பண்ணது நம்ம மணியக்காரர் இல்லையா?"

ஆண்டியப்பனுக்குப் பொறுக்கலை. கை போனாப் போகுது, வேலையை விட முடியுமா? "அப்ப குடுமிக்கு அடியில என்ன வெச்சாருன்னு கேளுங்க மகாராஜா!"

"ஆ... ஆணி"ன்னான் பூவலிங்கம். "பூவரச ஆப்பு!"ன்னார் ஆண்டியப்பன்.

"குழம்புல கடைசியா என்ன பொடி போட்டாரு?"ன்னா இருளாயி. "உ... உப்பு." "உப்பு ஒரு பொடியாய்யா?"ன்னு அவ தலையில அடிச்சுக்கிட்டா.

ராஜா பூவலிங்கத்தைப் பாத்து, "சரி, இந்த மாட்டையாவது கற பாப்போம்"னார். பூவலிங்கம் செவலைக்குப் பின்பக்கமாப் போயி உக்காந்தான். பின்பக்கமா! செவலை ஒரே ஒரு உதை விட்டுச்சு, ஆளு சாணிக்குழியில போயி விழுந்தான். சிரிங்க, சிரிங்க, ராஜாவும் சிரிச்சாரு.

ஆனா கொஞ்ச நேரந்தான் சிரிச்சாரு. "கயித்தை அவுத்தப்புறமும் ஏன்ப்பா போகலை?"ன்னு மூக்கையனைக் கேட்டார்.

"மடி கட்டிப் போச்சுங்க. அதுகளுக்கு நோவும்ல."

"நல்ல ஆளுப்பா நீ. பத்து மாடு ஓட்டிக்கிட்டுப் போ."

"வேணாங்க, என் மாடு போதும். இதுக யார் யார் வீட்டு மாடுன்னு எனக்குத் தெரியும். அந்தக் கொம்பு வளைஞ்சது வாணியர் தெரு மாடு. இந்தச் சாம்பல் நிற மயிலைப் பசு ஒரு விதவை வீட்டு மாடு."

"ஜனங்க அன்பாக் குடுத்ததுன்னு..."ன்னு ஆரம்பிச்ச ராஜா பாதியில நிறுத்திட்டார். மூக்கையன் கையில இருந்த பிள்ளையைப் பாத்தார். அதோட எலும்பைப் பாத்தார். பூவலிங்கத்தோட சால்வையை உருவினார், மோதிரத்தைக் கழட்டினார். "இனிமே நாப்பது வீட்டுக் கொட்டில்லயும் சாணி அள்றது உன் வேலை"ன்னார். அந்தச் சால்வைதான் பிள்ளைக்குத் தூளி ஆச்சு. மோதிரத்தை இருளாயிக்குக் குடுத்தார். கரண்டி பிடிக்கத் தோதில்லைன்னு அவ முந்தானையில முடிஞ்சுக்கிட்டா. ஆண்டியப்பன் தனக்கு ஒண்ணும் வேண்டாம், மத்த கதவையும் பாக்க விட்டாப் போதும்னுட்டார்.

அப்புறம் எல்லாக் கயித்தையும் ராஜாவே அவுத்தார். மாட்டுக்கு வழி சொல்லணுமா? அதுபாட்டுக்கு அதது வீட்டைப் பாத்து நடந்துச்சு. ராஜா செருப்புகூடப் போடாம பின்னாலயே போனார். ஒரு வீட்டுல கிழவி ஓடி வந்து மாட்டுக் கழுத்தைக் கட்டிக்கிட்டா. ஒரு வீட்டுல பிள்ளைங்க குதிச்சுதுங்க. ஒரு வீட்டுல ராஜாவைப் பாத்ததும் கதவைச் சாத்திட்டாங்க. மாட்டைப் பிடிக்கத் திரும்ப வந்துட்டாருன்னு பயம். அது அவருக்கு, பூவலிங்கம் வாங்கின உதையைவிட வலிச்சிருக்கும்.

அந்த மயிலைப் பசு இருக்கே, அது கடைசியா ஒரு குடிசை வாசல்ல நின்னு கத்துச்சு. யாரும் வரலை. உள்ள எட்டிப் பாத்தா அடுப்பு அணைஞ்சு கிடக்குது. "மாடு போனப்புறம் பிழைக்க வழியில்லாம, பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு ஊரை விட்டே போயிட்டா"ன்னாங்க பக்கத்துல. எங்க போனான்னு யாருக்கும் தெரியலை. ராஜா நாலு திக்கும் ஆள் அனுப்பினார். மாட்டை மட்டும் அந்த வாசலை விட்டு நகத்தலை. மூக்கையன்கிட்டக் கறக்கப் பழகிக்கிட்டு, தினமும் விடியக்காலம் தானே வந்து தண்ணி காட்டி, வைக்கோல் போட்டு, கறந்து, பாலைத் தெருப் பிள்ளைங்களுக்கு ஊத்தினார். வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு, தலையில துண்டோட.

மூணு மாசம் ஆச்சு. ஒருநாள் காலையில அந்தப் பொம்பளை, இடுப்புல ஒண்ணு கையில ஒண்ணுமா ரெண்டு பிள்ளைங்களோட திரும்பி வந்தா. ராஜாவை அவ எங்க பாத்திருக்கா? வாசல்ல ஒரு ஆளு தன் மாட்டைக் கறந்துக்கிட்டு இருக்கான்.

"ஏய்யா, யாருய்யா நீ? என் மாட்டை வெச்சுக்கிட்டு என்ன பண்றே?"ன்னா.

ராஜா செம்பைக் கீழ வெச்சிட்டு எந்திரிச்சு, கயித்தை அவ கையில குடுத்தாராம்.

"திருடன்மா. திருப்பிக் குடுக்க வந்திருக்கேன்"னாராம்.

அவ்வளவுதான். கதை கொட்டிலுக்குப் போச்சு, நீங்க பாய்க்குப் போங்க. மயிலு, அந்தப் பாலைக் குடிச்சிட்டுப் படு.