நாலு பங்குத் தூண்டில்

சிப்பித்துறையில் முட்டாள்கள் அதிகம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நானே எண்ணிப் பார்த்துவிட்டேன். மொத்தம் நாலே பேர்தான். மற்றவர்கள் எல்லாம் அந்த நாலு பேரிடம் யோசனை கேட்டு நடக்கிறவர்கள்.

நாலு பேரில் கடைசி ஆள் கஸ்பார். கடற்கரையில் பிறந்து முப்பத்தாறு வயசாகியும் ஒரு மீனைக்கூடத் தன் கையால் பிடிக்காதவன். வலைக்குப் போனால் வலையில் இவன் மாட்டிக்கொள்வான். பொறுத்துப் பொறுத்துப் பார்த்த அவன் மனைவி பிரகாசி, போன மாசம் பையைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். போகும்போது ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

"கோயில் திருவிழாவுக்குத் தூண்டில் போட்டி வைக்கிறாங்கல்ல? அதுல ஒரே ஒரு மீனைப் பிடிச்சுக் காட்டுங்க. அன்னைக்கே வந்துடறேன். இல்லையா, ஆளை விடுங்க."

பாவம், கஸ்பாருக்கு இரண்டு வாரம் சோறு இறங்கவில்லை. கூட்டாளிகள் தொம்மை, சந்தியாகு, சூசை மூன்று பேரும் கூடி யோசித்து, நாலு பேருமாகச் சேர்ந்து டவுனில் ஒரு தூண்டில் செய்யச் சொல்லிவிட்டார்கள். எட்டடிக் கம்பு, நூல் சுற்ற நல்ல ரீல். செய்கிறவருக்குத் திருவிழா நேரத்து வேலை நெருக்கடி. கம்பில் நூல் ஓடுகிற வளையங்களை மட்டும் கட்டி, ரீலைப் பூட்டுகிற ரீல் சீட்டைத் தனியாகக் கொடுத்து, இரண்டு டியூப் பசையும் ஒரு துண்டுக் காகிதமும் வைத்து, "நீங்களே ஒட்டிக்கிடுங்க, சின்ன வேலைதான்" என்று அனுப்பிவிட்டார். மனுஷனுக்கு இவர்களைத் தெரியாது.

சனிக்கிழமை காலையில், போட்டி நடக்கப்போகும், கடலுக்குள் நீளும் கல்பாலத்திலேயே உட்கார்ந்து வேலையை ஆரம்பித்தார்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவர் தொம்மை.

"'முதலில் பசை இல்லாமல் மாட்டிப் பார்க்கவும்.'"

மாட்டினார்கள். பார்த்தார்கள். பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

அரைமணி கழித்து சூசை கேட்டான், "இன்னும் எவ்வளவு நேரம்வே பாக்கணும்?"

"அது காகிதத்துல போடல. போடாத வரைக்கும் பாக்க வேண்டியதுதான்" என்றார் தொம்மை.

ஒரு மணி நேரம் பார்த்து நாலு பேருக்கும் கண்ணில் தண்ணீர் வந்த பிறகுதான் அடுத்த வரிக்குப் போனார்கள்.

ரீல் சீட்டைக் கம்பில் எந்த இடத்தில் ஒட்டுவது என்று மட்டும் அந்தக் காகிதத்தில் இல்லை. கைப்பிடிக்குப் பக்கத்தில்தான் ஒட்டவேண்டும் என்பது கைக்குழந்தைக்கும் தெரியும் என்று எழுதியவர் நினைத்திருப்பார். இங்கேதான் வில்லங்கம் வந்தது. சிப்பித்துறையில் எதைக் கூட்டாக வாங்கினாலும் பங்கு பிரித்துத்தான் ஆக வேண்டும். படகும் அப்படித்தான், வலையும் அப்படித்தான். கம்பையும் ஆளுக்கு இரண்டடி என்று கரிக்கோடு போட்டுப் பிரித்தாயிற்று. அடிப்பக்கம் தொம்மைக்கு, அடுத்தது சந்தியாகுவுக்கு, அதற்கடுத்தது கஸ்பாருக்கு, நுனி சூசைக்கு.

"ரீலு அடியில இருந்தா அது தொம்மை அண்ணனுக்கே சொந்தமாயிருமே" என்றான் சூசை. "நுனியில வைங்க."

"நுனியில வெச்சா உனக்குச் சொந்தமாயிரும். நான் என்ன இளிச்சவாயனா?" என்றார் தொம்மை.

கஸ்பார் இருவரையும் கையெடுத்துக் கும்பிட்டான். "எங்க வேணா ஒட்டுங்கய்யா. எனக்கு நாளைக்கு மீன் வேணும், பிரகாசி வரணும்."

"அவசரப்படாதலே. முதல்ல நியாயம், அப்புறம்தான் மீன்" என்றான் சந்தியாகு. நியாயம் என்று வந்துவிட்டால் அவன் பெண்டாட்டியையும் பார்க்கமாட்டான், அடுத்தவன் பெண்டாட்டியாக இருந்தால்.

கடைசியில் யாருக்கும் மனக்குறை இல்லாமல் கம்புக்குச் சரிபாதியில், நாலாவது அடியில் ஒட்டுவது என்று முடிவானது. வழியில் இருந்த இரண்டு வளையங்களைப் பிய்த்தெறிந்தார்கள். அந்த இடத்தில் கம்பு சுண்டுவிரல் கனம்தான். சீட்டின் ஓட்டையிலோ இரண்டு விரல் போகும். 'இடைவெளி இருந்தால் காகித டேப் சுற்றி நிரப்பவும்' என்று போட்டிருந்ததால், மூன்று உருளை டேப்பைச் சுற்றினார்கள்.

'இரண்டு பசையையும் சம அளவில் கலக்கவும்' என்பதில் மட்டும் தப்பு நடக்கவில்லை. ஒரு டியூப்பில் பாதி கல்லில் கொட்டிப்போனது. சமம் கெடக்கூடாதே என்று மற்றதிலும் பாதியைக் கொட்டினார்கள். அவர்கள் வாழ்க்கையில் சரியாக முடிந்த ஒரே கணக்கு அது. பசை கல் மாதிரிப் பிடிக்கப்போகிறது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசி வரி: 'ஒட்டிய பின் இருபத்துநாலு மணி நேரம் அசைக்கக் கூடாது.' ஒட்டி முடித்தபோது மத்தியானம் சரியாகப் பன்னிரண்டு.

மறுநாள் காலை ஆறு மணிக்குப் போட்டி தொடங்கியது. ஒரு மணிக்கு முடிந்துவிடும். பாலம் முழுக்கக் கூட்டம். பிரகாசியும் பையோடு வந்து நின்றாள். நாலு பேரும் கம்பைப் பாலத்துக் கல்மேல் கிடத்தியபடியே நூலைக் கோர்த்து, இறாலைக் குத்தி, கையாலேயே கடலில் எறிந்துவிட்டுக் காவல் இருந்தார்கள்.

பதினொன்றே முக்காலுக்கு நூல் விறைத்தது. தண்ணீருக்கு மேல் ஒரு பாரைமீன் துள்ளிவிழுந்தது. சின்ன மீனில்லை, அஞ்சு கிலோ இருக்கும்!

"என் ராசா!" என்று பாய்ந்தான் கஸ்பார்.

"தொடாதே!" என்று கத்தினார் தொம்மை. "இன்னும் கால்மணி நேரம் இருக்கு!"

"மீன் இழுக்குதே, கம்பு அசையப்போகுதே!" என்று பதறினான் சந்தியாகு.

"மீன்கிட்ட பொறுக்கச் சொல்லிப் பாக்கலாமா?" என்றான் சூசை. சொல்லியும் பார்த்தார்கள். மீன் கேட்கவில்லை.

"அப்ப வேற வழியில்ல" என்று தொம்மை கத்தியை நீட்டினார்.

கஸ்பார் அழுதுகொண்டே தன் கையாலேயே நூலை அறுத்தான். பாரை போயே போய்விட்டது. கம்பு ஒரு நூல்கூட அசையவில்லை. மூன்று பேரும் அவன் முதுகில் தட்டிக்கொடுத்தார்கள். தூரத்தில் பிரகாசி தலையில் அடித்துக்கொண்டாள்.

பன்னிரண்டு அடித்தது. கம்பை எடுத்தார்கள். சீட்டு இரும்பாக நின்றது. புதுத் தூண்டில்முள் கட்டி, அவரவர் பங்கை அவரவர் பிடித்துக்கொண்டு வரிசையாக நின்றார்கள். தொம்மை அடியில், சந்தியாகுவும் கஸ்பாரும் நடுவில், சூசை நுனியைப் பிடித்தபடி பாலத்தின் விளிம்பில்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு!" என்று வீசினார்கள். முள் சூசையின் கால்சட்டையில் ஏறி, சூசையும் கடலுக்குள் போனான்.

"கடிச்சிருச்சு! பெரிசு!" என்று அலறினான் கஸ்பார். ரீலைச் சுற்று சுற்று என்று சுற்றினான். கம்பு வளைந்தது, டேப் முனகியது, பசை மட்டும் அசையவே இல்லை.

"மீன் நம்ம பேரைச் சொல்லிக் கூப்பிடுது!" என்றான் சந்தியாகு.

"திருவிழா மீன் அப்படித்தான் இருக்கும், இழு!" என்றார் தொம்மை.

மூச்சு வாங்க இழுத்துப் பாலத்தில் போட்டார்கள்.

"பிரகாசி! பிடிச்சிட்டேன்! என் கையாலேயே பிடிச்சிட்டேன்!" என்று குதித்தான் கஸ்பார்.

பிரகாசி ஓடிவந்து பார்த்தாள். "ஐயோ, இது சூசை அண்ணன்!"

"யாரா இருந்தா என்ன? கடல்லேர்ந்துதானே வந்துச்சு?"

தொம்மை தொண்டையைச் செருமினார். "கூட்டுத் தூண்டில்ல வந்ததை நாலு பங்கு போடணும். அதான் ஊர் வழக்கம். சந்தியாகு, கரித்துண்டை எடு."

சூசை தண்ணீரைத் துப்பிவிட்டு யோசித்தான். "நியாயம்தான். ஆனா எனக்குத் தலைப்பக்கம் வேணும்."

சந்தியாகு சூசையின் வயிற்றில் முதல் கோடு போட்டதைப் பார்த்ததும் பிரகாசி பையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு கஸ்பாரின் கையைப் பிடித்து இழுத்தாள். "நடங்க வீட்டுக்கு! நான் இல்லேன்னா நீங்க நாலு பேரும் சூசை அண்ணனையே குழம்பு வெச்சிருவீங்க."

கஸ்பாருக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. இருவரும் பாலத்தைத் தாண்டும்போது, பின்னாலிருந்து சூசையின் குரல் கேட்டது.

"தங்கச்சி! குழம்புல என் பங்கை மறந்துராதம்மா, நான் குளிச்சிட்டு வந்துடறேன்!"